மும்பையிலிருந்து ஊருக்கு: கிறிஸ்துமஸ் அட்டையைக் கையால் எழுதி அனுப்பும் முறை

முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள். அட்டை வாங்குவது அதற்குப் பிறகு. கோடு போட்ட, தைத்த நோட்டாக இருக்கட்டும். கம்பிச் சுருள் வைத்தது சீக்கிரம் பிய்ந்துவிடும். ஒரு குடும்பத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மேலே பெயர், கீழே முகவரி, பின்கோடு, ஃபோன் எண். மீதிப் பக்கத்தைக் காலியாக விடுங்கள். வருடம் முழுவதும் அங்கே சின்னச் சின்னக் குறிப்புகள் வந்து சேர வேண்டும். மூத்தவளுக்கு நர்சிங் சீட் கிடைத்தது, மாமாவுக்குக் கண்புரை எடுத்தார்கள், மாடு கிடாரிக் கன்று போட்டது, முன்வாசலுக்குத் தளம் போட்டார்கள். ஃபோனில் யாராவது சொன்னதை அன்றைக்கே ஒரு வரியாகக் குறித்துவிட்டால், டிசம்பரில் என்ன எழுதுவது என்று பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்காது.

நான் தாராவியில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டம், நாசரேத் பக்கம். தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் இருக்கிற திருநெல்வேலிச் சீமைக் கிறிஸ்தவக் குடும்பங்களில் பண்டிகைக்கு ஊர் போக எல்லாருக்கும் ரயிலில் இடம் கிடைப்பதில்லை. போக முடியாதவர்கள் அட்டை எழுதினோம். ஒரு வீட்டில் அம்மா சொல்ல, பள்ளிக்கூடம் போகிற பிள்ளை எழுதும். என் மாணவர்கள் பலர் அப்படித்தான் கடிதம் எழுதப் பழகினார்கள். அந்தப் பழக்கம் அற்றுப்போகக் கூடாது என்பது என் ஆசை. இந்தக் குறிப்பை எழுதுவதும் அதற்காகத்தான். பண்டிகை அன்று காலையில் வாட்ஸ்அப்பில் வாழ்த்துச் சொல்லுங்கள், அதில் ஒன்றும் குறையில்லை. அட்டை வேறொரு காரியத்துக்கு: ஒருவரை நினைத்து உட்கார்ந்தோம் என்பதற்கு அது கையில் பிடிக்கக்கூடிய சாட்சி.

யாருக்கு அனுப்புவது? எல்லாருக்கும் வேண்டாம். ஊரில் தனியாக இருக்கிற அத்தை, ஞாயிறு பள்ளியில் வசனம் சொல்லிக்கொடுத்த உபதேசியார், ஒரே சாலில் (வரிசையாக ஒற்றை அறை வீடுகள் இருக்கும் மும்பைக் கட்டடம்) பக்கத்துக் கதவாக இருந்து இப்போது அம்பர்நாத்துக்கோ கல்யாணுக்கோ மாறிப்போன குடும்பம், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு யாரும் தேடாத பழைய தலைமையாசிரியர். தினமும் ஃபோனில் பேசுகிறவர்களை விட்டு, பேச்சு நின்றுபோன இடத்திலிருந்து பட்டியலைத் தொடங்குங்கள். ஒரே இரவில் எல்லாவற்றையும் எழுதி முடிக்கவும் பார்க்காதீர்கள். ஓர் உட்காரலில் மூன்று நான்கு அட்டை போதும். அதற்கு மேல் போனால் கை ஓய்வதற்கு முன்பே மனது ஓய்ந்துவிடும். கடைசி அட்டைகள் வெறும் கையெழுத்தோடு போகும்.

அட்டை வாங்குவது

கிராஃபர்ட் மார்க்கெட்டை ஒட்டிய அப்துல் ரஹ்மான் தெருவில் மொத்த விலைக்குத் தாளும் உறையும் கிடைக்கும். டிசம்பர் பிறந்தால் பாந்த்ரா ஹில் ரோட்டில் அட்டை, நட்சத்திரம், குடில் பொம்மை எல்லாம் கடைவாசலுக்கு வந்துவிடும். சபையில் பெண்கள் ஐக்கிய சங்கம் மேஜை போட்டு விற்றால் அங்கேயே வாங்குங்கள். பணம் நல்ல காரியத்துக்குப் போகும். அட்டை விற்று அறப்பணிக்குப் பணம் சேர்ப்பது இந்த ஊருக்குப் பழக்கமானதுதான். 1979இல் மும்பையில் ரிப்பன் கபூரும் நண்பர்களும் 50 ரூபாய் முதலீட்டில் தொடங்கிய கிரை அமைப்பு, குழந்தைகளுக்கான வேலைக்கு வாழ்த்து அட்டை விற்றே பெரும் பங்கு நிதி திரட்டியது.

எதை வாங்கினாலும் உள்ளே திறந்து பாருங்கள். உள்பக்கம் பளபளப்பாக இருந்தால் வேண்டாம், மை பிடிக்காது. இடது பக்கம் முழுக்கக் காலியாக இருக்க வேண்டும். ஜிகினா உதிரும் அட்டை தபாலில் படாத பாடு படும், பெறுகிறவர் மடியெல்லாம் கொட்டும். பாட்டுப் பாடும் அட்டை கனம், தபாலுக்கு ஏற்றதில்லை.

எனக்குப் பிடித்தது வீட்டில் செய்வது. 200 ஜிஎஸ்எம் கனமுள்ள, படம் வரையும் தாள் ஏ4 அளவில் வாங்கி, இரண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ஒருமுறை மடித்தால் ஏ6 அளவில் அட்டை வந்துவிடும், 10.5 க்கு 14.8 சென்டிமீட்டர். சி6 என்று கேட்டு உறை வாங்கினால் கச்சிதமாக உட்காரும். மடிப்பதில்தான் நுணுக்கம் இருக்கிறது. தாளை மடிக்காமல் லேசாக வளைத்துப் பாருங்கள். ஒரு திசையில் எளிதாக வளையும், மறு திசையில் முரண்டு பிடிக்கும். எளிதாக வளைகிற திசையில் மடித்தால் விளிம்பு வெடிக்காது. மடிக்க வேண்டிய இடத்தில் ஸ்கேலை வைத்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஒரு கோடு அழுத்தி இழுத்துவிட்டு, பிறகு மடியுங்கள். கடையில் வாங்கியதுபோலவே நிற்கும். வெளியே பிள்ளைகள் வரையட்டும். ஒரு நட்சத்திரமும் ஒரு தொழுவமும் போதும். சாண்டா கிளாஸை விட ஊர்த் தென்னையும் மாட்டுத் தொழுவமும் வரைந்து வந்தால் ஊரில் அதிகம் ரசிப்பார்கள்.

பேனா

உள்ளே மைப்பேனாவால் எழுதலாம், அழகாக இருக்கும். உறை மேல் முகவரியை மட்டும் பால்பாயின்ட்டில் எழுதுங்கள். டிசம்பர் என்பது மும்பைக்கு வறண்ட, குளிர்ந்த மாதம். தென் மாவட்டங்களுக்கு அது வடகிழக்குப் பருவமழைக் காலம். இங்கே காய்ந்த கையோடு எழுதுகிற உறை அங்கே நனைந்த பையில் போகிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது, தாமிரபரணி ஏரலுக்குள் புகுந்தது. அந்த வருடம் ஏரல் பக்கம் இருக்கும் என் அத்தைக்கு எழுதிய அட்டை ஜனவரியில்தான் போய்ச் சேர்ந்தது. உறை பொரித்த அப்பளமாக நெளிந்திருந்ததாம். உள்ளே நீல மை பாதி கலைந்துவிட்டது. உறை மேல் பால்பாயின்ட் எழுத்து ஒன்றுகூட அழியவில்லை. அத்தனை கஷ்டத்துக்கு நடுவிலும் தபால்காரர் அதைப் படித்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

ஜெல் பேனா சில தாள்களில் ஊறி மறுபக்கம் தெரியும், சிலவற்றில் காயவே காயாது. அட்டையின் பின்பக்க ஓரத்தில் ஒரு புள்ளி வைத்து, ஒரு நிமிடம் கழித்து விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

உள்ளே எழுதுவது

இந்தப் பழக்கம் தொடங்கிய கதையைத் தெரிந்துகொண்டால் எங்கே எழுத வேண்டும் என்பது தானாகப் புரியும். 1840இல் இங்கிலாந்தில் ஒரு பென்னிக்குக் கடிதம் அனுப்பும் முறை வந்தது. அதை நடைமுறைக்குக் கொண்டுவர உழைத்தவர்களில் ஹென்றி கோல் ஒருவர். பண்டிகைக்கு வந்து குவிந்த கடிதங்களுக்கெல்லாம் பதில் எழுத அவருக்கே நேரமில்லாமல் போனது. 1843இல் ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்ற ஓவியரிடம் படம் வரையச் சொல்லி, ஏறக்குறைய ஆயிரம் அட்டை அச்சடித்தார். தமக்கு வேண்டியதுபோக மீதியை ஒரு ஷில்லிங் விலைக்கு விற்றார்கள். நடுவில் குடும்பமாக விருந்துண்ணும் காட்சி, இரு பக்கமும் ஏழைகளுக்கு உணவும் உடையும் கொடுக்கும் காட்சி. குழந்தை கையில் மதுக் கிண்ணம் இருக்கிறது என்று அப்போதே கண்டனமும் எழுந்தது. நேரமில்லாதவர் செய்த அந்த அட்டையிலும்கூட, யாருக்கு, யாரிடமிருந்து என்று பேனாவால் நிரப்ப இடம் விட்டிருந்தார்கள். அச்சடித்த வாழ்த்து எல்லாருக்கும் பொது. விட்ட இடம்தான் நம்முடையது. அதைக் கையெழுத்து மட்டும் போட்டு வீணாக்காதீர்கள்.

மேலே வலது ஓரத்தில் மும்பை என்றும் தேதியும் எழுதுங்கள். தேதி முக்கியம், இருபது வருடம் கழித்து டிரங்குப் பெட்டியிலிருந்து யாராவது எடுத்துப் பார்ப்பார்கள். பிறகு முறை சொல்லி அழையுங்கள். சித்தி, மதினி, பெரியத்தான் என்று வாயால் எப்படிக் கூப்பிடுவீர்களோ அப்படியே. அதற்குப் பிறகு நான்கு செய்திகள் போதும்: பண்டிகை வாழ்த்து, அவர்களைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்ட ஒன்று, உங்கள் வீட்டைப் பற்றி ஒன்று, அவர்கள் பதில் சொல்ல வேண்டிய ஒரு கேள்வி. இதில் உயிர்நாடி இரண்டாவது. நோட்டைத் திறந்து அவர்கள் பக்கத்தைப் பாருங்கள். அந்த வரி வேறு எந்த வீட்டுக்கும் பொருந்தாததாக இருக்க வேண்டும். பொருந்துமானால் அழித்துவிட்டு வேறு எழுதுங்கள். ஒரு மாதிரி தருகிறேன்:

"அன்புள்ள பெரியம்மாவுக்கு, ஸ்தோத்திரம். உங்களுக்கும் வீட்டில் எல்லாருக்கும் எங்கள் கிறிஸ்து பிறப்பின் வாழ்த்துகள். கண் ஆபரேஷனுக்குப் பிறகு நீங்களே வேதம் வாசிக்கிறீர்கள் என்று தம்பி சொன்னான். கேட்டு மனது நிறைந்துவிட்டது. இங்கே சின்னவள் இந்த வருடம் நாடகத்தில் மரியாளாக நிற்கிறாள். நீங்கள் கொடுத்த நீலப் புடவைதான் அவளுக்கு முக்காடு. முந்திரிக்கொத்துக்குப் பாசிப்பயறு எந்தப் பதம் வரை வறுக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதுங்கள்."

கேள்வி எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது. "எப்படி இருக்கிறீர்கள்" என்றால் "சுகம்" என்று முடிந்துவிடும். பயறு வறுக்கும் பதத்தைக் கேட்டால் ஒரு பக்கத்துக்குப் பதில் வரும், கூடவே ஊர்ச் செய்தியும் வரும்.

வயதானவர்களுக்கு எழுதும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். அட்டையைப் பெரும்பாலும் பேரனோ பக்கத்து வீட்டுப் பெண்ணோ சத்தமாக வாசிப்பார்கள். திண்ணையில் நாலு பேர் இருப்பார்கள். கடன், சொத்துத் தகராறு, மருமகள் மேல் வருத்தம் இவற்றுக்கு அது இடமில்லை. எழுத்தைப் பெரிதாக, வரிகளுக்கு நடுவே இடம் விட்டு எழுதுங்கள். வசனம் எழுதினால் ஒன்றே ஒன்று. லூக்கா 2:14 எல்லா அட்டையிலும் அச்சிலேயே வரும். அவருக்குப் பிடித்த வசனம் எது என்று தெரிந்தால் அதை எழுதுங்கள்.

வீட்டிலுள்ள எல்லாரும் தங்கள் கையாலேயே பெயரை எழுத வேண்டும். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு மராத்தியும் இந்தியும் ஆங்கிலமும் வரும், தமிழ் எழுத வராது. அதனால் அவர்களை விட்டுவிடாதீர்கள். ஒரு தாளில் அவர்கள் பெயரையும் "பாட்டிக்கு முத்தங்கள்" என்பதையும் பெரிதாக எழுதிக் கொடுங்கள். முதலில் விரலால் அதன் மேல் ஓடவிடட்டும், பிறகு பென்சிலில் இரண்டு மூன்று முறை, கடைசியில் அட்டையில் பேனாவால். கொம்பு தவறிய பக்கம் போனாலும் ரகரம் றகரமானாலும் திருத்தாதீர்கள். இதை ஆசிரியையாகவே சொல்கிறேன். திருத்திய எழுத்து உங்கள் எழுத்தாகிவிடும். பாட்டி பார்க்க விரும்புவது பிள்ளையின் எழுத்தை.

துக்க வீட்டுக்கு

அந்த வருடம் சாவு நடந்த வீட்டுக்கு அட்டை அனுப்பலாமா என்று பலர் கேட்கிறார்கள். அனுப்பத்தான் வேண்டும். பண்டிகைக்கு மற்ற எல்லாரும் ஒதுங்கிப்போகிற வீடு அது. மணியும் சிவப்பு ரிப்பனும் போட்ட அட்டை வேண்டாம். வெறும் வெள்ளைத்தாளில் செய்த அட்டையே போதும். மகிழ்ச்சி, கொண்டாட்டம் என்ற சொற்களை விட்டுவிடுங்கள். இறந்தவரின் பெயரைச் சொல்லாமல் சுற்றி வளைக்காதீர்கள். பெயரையோ முறையையோ சொல்லி, அவரைப் பற்றி உங்களுக்கு நினைவிருக்கிற ஒரு காட்சியை எழுதுங்கள்:

"அன்புள்ள மதினி, இந்தப் பண்டிகைக்கு உங்களையே நினைத்துக்கொண்டிருக்கிறோம். அண்ணன் கேரல் ரவுண்ட்ஸில் பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் நடந்ததை இங்கே பிள்ளைகளிடம் சொன்னேன். உங்களுக்காக ஜெபிக்கிறோம். பிப்ரவரியில் ஊருக்கு வரும்போது வீட்டில் வந்து தங்குகிறேன். யோவான் 14:27."

உறை மேல் பெயர் எழுதும்போது நிதானமாக எழுதுங்கள். வருடாவருடம் கணவர் பெயரைப் போட்டுக் குடும்பத்தார் என்று எழுதிய கை பழக்கத்தில் அப்படியே எழுதிவிடும். இனி அந்த அம்மாளின் பெயரில்தான் அட்டை போக வேண்டும். சில பெண்களுக்கு வாழ்நாளில் தன் பெயரில் வருகிற முதல் வாழ்த்துக் கடிதமாக அது இருக்கும். நோட்டிலும் அன்றைக்கே மாற்றிவிடுங்கள். இந்த அட்டைகளைத் தபாலில் முதலில் சேருங்கள்; கேரல் பாடகர்கள் அந்தத் தெருவுக்கு வருவதற்கு முன் போய்ச் சேர வேண்டும்.

பிற மதத்து நண்பர்களுக்குத் தயங்காமல் அனுப்புங்கள். சிவகாசியில் அச்சான பொங்கல் வாழ்த்து அட்டைகளை ஒருவருக்கொருவர் அனுப்பி வளர்ந்த தலைமுறை நாம். மாட்டுங்காவில் இருக்கும் என் தோழிக்கு ஒரே அட்டையில் கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் மூன்றையும் சேர்த்து வாழ்த்துவேன். பொங்கலுக்கு அவளிடமிருந்து அட்டை வந்துவிடும்.

முகவரி

பெயர், வீடு, தெரு தமிழில் இருக்கலாம். ஊர்த் தபால்காரர் படிப்பார். ஆனால் ஊர், மாவட்டம், மாநிலம் மூன்றையும் ஆங்கிலத்தில் எழுதுங்கள், ஏனென்றால் மும்பையில் பிரிப்பவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. பின்கோடு ஆறு இலக்கமும் தெளிவாக, ஒட்டாமல் விழ வேண்டும். இந்த முறையை வகுத்தவர் தபால் துறை அதிகாரியாக இருந்த ஸ்ரீராம் பிகாஜி வேலாங்கர், சமஸ்கிருதக் கவிஞரும்கூட. 1972 ஆகஸ்ட் 15இல் இது நடைமுறைக்கு வந்தது. ஒரே பெயரில் பல ஊர்கள், பல மொழிகளில் முகவரிகள் என்ற குழப்பத்துக்கு அவர் கண்ட வழி எண். முதல் இலக்கம் 6 என்றால் தமிழ்நாடு, கேரளப் பக்கம். முதல் மூன்று இலக்கம் சேர்ந்து 627 என்றால் திருநெல்வேலி, 628 என்றால் தூத்துக்குடி, 629 என்றால் கன்னியாகுமரி. கடைசி மூன்று இலக்கம் பட்டுவாடா செய்யும் தபால் நிலையத்தைக் குறிக்கும். அதனால் எண்ணை ஒருமுறை உரக்கப் படித்துச் சரிபாருங்கள். ஓர் இலக்கம் மாறினால் அட்டை மாவட்டம் விட்டு மாவட்டம் போய்விடும்.

ராணுவத்தில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்பினால் அவன் இருக்கும் இடத்தின் பெயரை எழுதக் கூடாது. அவன் எண், பதவி, பெயர், படைப்பிரிவு, பிறகு 56 ஏபிஓ அல்லது 99 ஏபிஓ (ஏபிஓ என்றால் ராணுவத் தபால் நிலையம்), 9இல் தொடங்கும் பின்கோடு. அவன் கொடுத்ததை அப்படியே எழுதுங்கள். வளைகுடாவில் இருப்பவர்களுக்குத் தெருவும் கதவிலக்கமும் உதவாது. துபாய் போன்ற இடங்களில் தபால்பெட்டி எண்ணுக்குத்தான் கடிதம் போகும். அவர்கள் வேலை செய்யும் கம்பெனியின் தபால்பெட்டி எண்ணைக் கேட்டு வாங்குங்கள், மொபைல் எண்ணையும் சேர்த்து எழுதுங்கள்.

மும்பைக்குள் அனுப்புவதுதான் கடினம். சால் இடிந்து மாடிக் கட்டடமாகிறது, ஆட்கள் தற்காலிக வீட்டுக்குப் போகிறார்கள், திரும்பி வரும்போது விங், மாடி, அறை எண் எல்லாம் புதிது. தாராவி, சயான் முகவரிகளை நவம்பரிலேயே ஃபோன் செய்து உறுதிசெய்யுங்கள். உறையின் பின்பக்கம் உங்கள் முகவரியை எழுத மறக்காதீர்கள்.

தபாலில் சேர்ப்பது

சாதாரணக் கடிதத்துக்கு 20 கிராம் வரை 5 ரூபாய் தபால்தலை. நான் சொன்ன வீட்டு அட்டை ஆறு கிராம் சொச்சம், உறை நான்கைந்து கிராம்; ஒரு ஃபோட்டோ வைத்தாலும் 20க்குள் அடங்கும். கடையில் வாங்கிய பெரிய அட்டைகளைக் கவுன்டரில் எடை போட்டுப் பாருங்கள். தபால்தலை குறைந்தால் பெறுகிறவரிடம் காசு கேட்பார்கள். வாழ்த்து அனுப்பி அத்தையைக் காசு கொடுக்க வைப்பது நன்றாக இருக்காது. உறைக்குள் ரூபாய் நோட்டு வைக்காதீர்கள். பதிவுத் தபாலை 2025இல் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைத்துவிட்டார்கள். அட்டைக்கு அது தேவையும் இல்லை.

வெளிநாட்டுக்கு நவம்பர் கடைசியில். ஊருக்கு டிசம்பர் 10க்குள். மும்பைக்குள் 15 வரை தள்ளலாம். தெருமுனைப் பெட்டியில் போடுவதானால் அதில் எழுதியிருக்கும் எடுப்பு நேரத்தைப் பாருங்கள். முடிந்தால் வி.டி. (இப்போது சி.எஸ்.எம்.டி.) ரயில் நிலையத்தை ஒட்டிய பெரிய தபால் நிலையத்துக்கு ஒருமுறை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஜான் பெக் வடிவமைத்து 1913இல் கட்டி முடித்த கட்டடம். பீஜப்பூர் கோல் கும்பஸைப் பார்த்து அமைத்த குவிமாடத்தின் கீழே வரிசையாகக் கவுன்டர்கள். தபால்தலை சேகரிப்பாளர்களுக்கென்று தனிப் பிரிவும் அங்கே உண்டு. பூ, பறவை, ரயில் என்று பிள்ளைகளே தலைகளைத் தேர்ந்தெடுத்து ஒட்டலாம். அத்தைக்கு மயில், மாமாவுக்கு ரயில் என்று அவர்கள் சண்டை போட்டுப் பிரிக்கட்டும். அவசரமில்லாத வேலைநாள் காலையில் போங்கள்.

உங்களுக்கு வரும் அட்டைகளைச் சுவரில் நூல் கட்டித் தொங்கவிடுங்கள். கழற்றுமுன் யார் அனுப்பினார்கள், என்ன கேட்டார்கள் என்று அவரவர் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதாதவரிடமிருந்து அட்டை வந்தால் ஜனவரியில் பதில் எழுதலாம். புத்தாண்டு வாக்குத்தத்த வசனத்தோடு போனால் தாமதம் தெரியாது. நீங்கள் அனுப்பியது திரும்பி வந்தால் உறை மேல் தபால்காரர் எழுதிய காரணத்தைப் படியுங்கள். வீடு மாறிவிட்டார்கள் என்றிருந்தால் ஊரில் யாரிடமாவது புது முகவரி கேட்டு, அட்டையைப் புது உறையில் போட்டு, புதுத் தலை ஒட்டி மறுபடி அனுப்புங்கள். பழைய உறையை நோட்டில் அந்தப் பக்கத்தோடு பின் செய்து வையுங்கள்; அடுத்த நவம்பரில் முதலில் ஃபோன் செய்ய வேண்டியது அந்த வீட்டுக்குத்தான்.